ஒரு செமஸ்டர் மூத்தவர்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்து ஆகன் நகரில், அக்டோபர் மாதம் ரயில் நிலையத்துப் பக்கம் போனால் அவரைப் பார்க்காமல் வர முடியாது. மழைக்கோட்டு, முதுகில் காலிப் பை, குளிரெல்லாம் பழகிவிட்டது என்கிற முகம். ரயிலிலிருந்து இரண்டு பெட்டிகளோடும் மூன்று ஸ்வெட்டர்களோடும் இறங்குகிற புதுப் பையன், "அண்ணா... நீங்கதானே?" என்று இழுப்பான். அண்ணன் அவனை மேலும் கீழும் பார்ப்பார். பயணம் எப்படி, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கமாட்டார்.

"வாடா தம்பி. பெட்டில புளி இருக்கா?"

இவர்தான் சீனியர் அண்ணன். பிறந்த தேதியை எடுத்துப் பார்த்தால் பையனைவிட எட்டு மாதம் சின்னவராகக்கூட இருப்பார். அது செல்லாது. பையன் அக்டோபரில் வந்தவன். அண்ணன் ஏப்ரலில் வந்தவர். நடுவில் ஒரு செமஸ்டர் இருக்கிறது. அந்த ஒரு செமஸ்டரில் அவர் பார்த்த உலகத்தைப் பையனின் அப்பா ஐம்பது வருடத்திலும் பார்த்திருக்கமாட்டார் என்பது அண்ணனின் எண்ணம்.

முதல் நாளே ஊர் சுற்றிக் காட்டுவார். ஆகனில் பேரரசர் சார்லமேன் அடக்கமான தேவாலயம் இருக்கிறது. அவர் இறந்தது 814இல். ஜெர்மனியிலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதன்முதலாக, 1978இல், இடம்பிடித்தது அந்தத் தேவாலயம்தான். அண்ணன் அதைக் கடக்கும்போது, "இது பெரிய சர்ச். அப்பா அம்மா வந்தா பாத்துக்கலாம்" என்று விரலைக் காட்டிவிட்டு, நடையின் வேகத்தைக் குறைக்காமல் லிடில் கடைக்குள் நுழைந்துவிடுவார். அங்கே காலிப் பாட்டிலை விழுங்கிக் காசு திருப்பித் தரும் இயந்திரத்தின் முன்னால் நின்றதும்தான் அவர் குரலில் பக்தி ஏறும்.

"பிளாஸ்டிக் பாட்டில், டின் எல்லாம் 25 சென்ட். பீர் பாட்டில் 8 சென்ட்தான். தெருவுல பாட்டில் கெடந்தா குப்பைன்னு நெனைக்காத. காசுடா."

பையன் மனசுக்குள் நூறால் பெருக்குவான். இருபத்தைந்து ரூபாய்! அண்ணன் அதை முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். "பெருக்கறதை இன்னியோட நிறுத்து. பெருக்கினா காபி குடிக்க முடியாது" என்பார். பெருக்குவதை விட்டு ஆறு மாதமாகிறது என்பவர், கொத்தமல்லிக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கும்போது உதடு லேசாக அசைவதைப் பையன் கவனிக்கத் தவறமாட்டான்.

அடுத்து காகித வைபவம். பையன் பெயரில் வங்கியில் 11,904 யூரோ இருக்கிறது. வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போய், அந்தத் தொகை வந்து, அதைக் காட்டித்தான் விசா கிடைத்தது. ஆனால் அது பூட்டிய பணம். மாதம் 992 யூரோதான் கசியும். அதுவும் கசிய வேண்டுமானால் இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு முகவரிப் பதிவைக் கேட்பார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிந்துவிட வேண்டும் என்பது சட்டம். பதிவதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். வீட்டுக்காரரோ, "உன் வங்கிக் கணக்கைக் காட்டு" என்பார். இந்த வட்டத்துக்குள் எந்த இடத்தில் காலை வைத்தால் உள்ளே போகலாம் என்று ஒரு அலுவலகத்திலும் சொல்லமாட்டார்கள். அண்ணனுக்குத் தெரியும். "மூணாவது மாடியில ஒருத்தர் இந்த மாசக் கடைசில ரூமைக் காலி பண்றார். நான் பேசிட்டேன்" என்பார். அதுவரை பையன் அண்ணன் அறையின் தரையில் படுத்துக்கொள்ளலாம். வாடகை, புளி.

அறை கிடைத்ததும் அண்ணன் செய்யச் சொல்லும் முதல் காரியம், தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவது. ஜெர்மனியில் எல்லாமே தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல். இனிஷியலோடு பிறந்தவனுக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். ஆகவே பெட்டியில் அப்பா பெயர், பேராசிரியர் கூப்பிடுவது அப்பா பெயர், அபராதக் கடிதங்கள் வருவதும் அப்பா பெயருக்கே. வாழ்நாளில் டிக்கெட் இல்லாமல் பேருந்தில் கால் வைக்காத ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆகன் நகரப் பேருந்தில் பரிசோதகரிடம் பிடிபட்டவராகப் பதிவாகியிருக்கிறார். அவருக்கு இன்னும் தகவல் போகவில்லை.

அந்தத் தலைமையாசிரியர் யாருடைய அப்பா என்று கேட்டுவிடாதீர்கள். அண்ணன் முகம் மாறிவிடும்.

ஏனென்றால், அண்ணனின் ஒவ்வொரு அறிவுரைக்கும் பின்னால் ஒரு ரசீது இருக்கிறது. "போன்ல எப்பவும் சார்ஜ் வச்சுக்கோ, டிக்கெட் அதுலதான் இருக்கு" என்பது 60 யூரோவுக்கு வாங்கிய ஞானம். "ரோட்டுல வண்டியே இல்லைன்னாலும் சிவப்பு விளக்குல கடக்காத, போலீஸ்காரருக்கு முன்னாடி ஏதாவது ஒரு பாட்டி பிடிச்சிடும்" என்பது 5 யூரோவும் ஒரு பாட்டியின் சொற்பொழிவும். "எங்கிட்ட டி.வி.யே இல்லைன்னு வீராப்பாப் பதில் எழுதாத" என்பது மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம், பழைய பாக்கி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்த பெருந்தொகை. "போன்ல யாராவது மடமடன்னு ஜெர்மன்ல பேசினா, 'யா'ன்னு மட்டும் சொல்லிடாத" என்பது இன்னும் முடியாத 24 மாத ஒப்பந்தம்.

ஆனால் ரசீதை அவர் காட்டமாட்டார். எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் இருந்தான்டா..." அந்தப் பையன் கண்ணாடிப் பாட்டில்களை ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போட்டுப் பக்கத்து வீட்டாரிடம் திட்டு வாங்கியவன். வாடகைக்குப் பிடித்த வீட்டில் அடுப்பு மட்டுமல்ல, விளக்கும் இருக்காது என்பது தெரியாமல் முதல் இரவை இருட்டில் கழித்தவன். கடுகு தாளித்துப் புகை எச்சரிக்கை மணியைக் கிளப்பி, விடுதி மொத்தத்தையும் நடுராத்திரி மழையில் நிற்க வைத்தவன். ஒரே மனிதன் ஒரே செமஸ்டரில் இவ்வளவும் செய்திருக்க முடியுமா என்று புதுப் பையனுக்குச் சந்தேகம் வரும். முடியும்.

சமையலில் அண்ணன் இப்போது வல்லவர். ஊரில் உப்பு ஜாடி எந்த அலமாரியில் இருந்தது என்று தெரியாதவர், இன்று துவரம்பருப்பு விலையையும் மைசூர்ப் பருப்பு விலையையும் ஒப்பிட்டுச் சாம்பார் வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். அண்ணனுக்குக் கவலையில்லை. டவுன் பஸ் பிடித்தால் எல்லை தாண்டி வால்ஸ் வந்துவிடும். அது நெதர்லாந்து, அங்கே கடை திறந்திருக்கும். "நெதர்லாந்து வரைக்கும் போயிட்டு வரேன், ஏதாவது வேணுமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார். வேண்டியது வெங்காயம். ஊரில் அவருடைய அம்மா, "எம் புள்ள வாரா வாரம் வெளிநாடு சுத்துறான்" என்று சம்பந்தி வீடு வரை சொல்லி வைத்திருக்கிறார்.

அண்ணனின் மூப்புக்குச் சோதனை வந்தது தீபாவளியன்று. ஹம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோபுரம் எழும்பி நிற்பது தொழிற்சாலைகளுக்கு நடுவே. மாணவர் பயண அட்டை இருக்கும் தைரியத்தில், வட்டார ரயில் மாறி மாறிப் பையன்களை அங்கே அழைத்துப்போனார். பிரசாத வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "எப்ப வந்தனீங்கள், தம்பி?" என்று கேட்டார்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "ஏழு மாசம் ஆச்சுங்க" என்றார்.

"ஓ... நான் எண்பத்தஞ்சில வந்தனான்."

அதற்குமேல் பெரியவர் எதுவும் சொல்லவில்லை. பட்டியல் போடவில்லை, "எனக்குத் தெரிந்த ஒருவன்" கதையும் எடுக்கவில்லை. "மெலிஞ்சு போய் இருக்கிறியள். வடிவாச் சாப்பிடுங்கோ" என்று தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைக்கச் சொன்னார். திரும்பி வருகிற ரயிலில் கொலோன் வரை அண்ணன் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. பையன்களுக்கு அதுவே பயமாகிவிட்டது.

தேர்வு நெருங்கினால் அண்ணன் இன்னொரு முறை அடங்குவார். அங்கே பெரும்பாலும் மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பையே மறந்துவிட வேண்டியதுதான். இந்த விஷயத்தில் அவருக்கு ரசீது வாங்க வசதியில்லை. எனவே நூலகத்தில் புதுப் பையனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் எழுதிய குறிப்புகளை எட்டிப் பார்ப்பார். "ஒரு சந்தேகம்டா" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். பையன் விளக்குவான். முடிந்ததும் அண்ணன் தலையாட்டி, "கரெக்ட். நீ சரியாப் புரிஞ்சுக்கிட்டயான்னு பாத்தேன்" என்பார்.

இவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் பல்கலைக்கழகம் அனுப்பும் வரவேற்புக் கையேட்டில், தபால் பெட்டியில் பெயர் ஒட்டச் சொல்லும் வரி பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தால் யார் படிப்பார்கள்? அண்ணன் ரயில் நிலையத்திலேயே சொல்லிவிடுவார். தான் காசு கொடுத்து வாங்கியதைக் காசு வாங்காமல் கொடுப்பார். அவர் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: கேட்கிறவன் கொஞ்சம் மலைத்துப்போக வேண்டும்.

அவ்வளவு பாடம் கேட்ட பிறகும் பையன் மாட்டுவான். அண்ணன் விழாத குழி ஒன்று எங்காவது மிச்சம் இருக்கும். ஒருநாள் மாலை கையில் கவர் ஒன்றோடு, ஈரத் தலையோடு அண்ணன் கதவைத் தட்டுவான். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவான்.

"அண்ணா... எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் இருக்கான்..."

அண்ணன் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்காருவார். கண்ணில் ஒரு புது வெளிச்சம்.

"சொல்லு. எவ்வளவு பிடிச்சாங்க?"