முட்டைக்குப் பூ வைக்கிற ஊர்

மெல்பர்ன்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

  

"ஞாயித்துக்கிழமை ஆனா இவ நாலு பேரோட ஹோட்டலுக்குப் போயி முட்டையும் ரொட்டியும் தின்னுட்டு ரெண்டாயிரம் ரூவாய எறிஞ்சிட்டு வாரா" என்று அம்மா உங்களிடம் பிராது கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். பிராதில் பொய் இல்லை. ஆனால் தீர்ப்புச் சொல்லப்போகிறவர் முப்பது வருஷமாக ஹோட்டல் கல்லாவில் உட்காருகிறவர். அதனால் தொழில் முறையில் விவரமாக எழுதிவிடுகிறேன்.

இதற்குப் பெயர் பிரன்ச். காலைப் பலகாரத்துக்குப் பிந்தி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி. சனி, ஞாயிறு பத்து மணி ஆனால் ஃபிட்ஸ்ராய், பிரன்ஸ்விக் பக்கமெல்லாம் ஊரே தெருவில் நிற்கும். நாங்கள் ஒரு சிறு கும்பல்: டாண்டினாங்கிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து அக்கா, ஒரு பஞ்சாபிப் பெண், இங்கேயே பிறந்த வியட்நாம் வீட்டுப் பெண், தாத்தா காலத்தில் கிரேக்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன், நான். வாரம் ஒரு கடை. போன வாரம் போன கடைக்கு இந்த வாரம் போகக் கூடாது என்பது பையன் போட்ட சட்டம். நல்ல கடை கிடைத்தாலும் விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவதில் என்ன புத்திசாலித்தனம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

முதலில் வரிசை. பல கடைகளில் முன்பதிவு கிடையாது. வாசலில் ஒரு பெண் நம் பெயரையும் போன் நம்பரையும் குறித்துக்கொண்டு "நாற்பது நிமிஷம் ஆகும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். யாரும் கோபப்படுவதில்லை. குளிரில், கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, அதே கடையில் ஒரு காபியைக் காசு கொடுத்து வாங்கி, அதைக் குடித்துக்கொண்டே அதே கடைக்குள் நுழையக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கிறவனிடமும் வியாபாரம் பார்க்கிற வித்தை, மாமா. நம் கடையில் கூட்டம் என்றால் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, எப்போது இலையை மடிப்பார் என்று முறைத்துக்கொண்டிருப்போமே, அதை இங்கே செய்தால் போலீஸ் வரும்.

உள்ளே போனால் எல்லோரும் கேட்பது மசித்த அவகாடோ. கொடைக்கானல் மலையில் விளையுமே, பட்டர் ஃப்ரூட், அதுதான். புளித்த மாவில் செய்த முரட்டு ரொட்டி இரண்டு துண்டு, ஓரம் கருகக் கருகச் சுட்டது. அதன்மேல் உப்பும் எலுமிச்சையும் விட்டு மசித்த பழம், உதிர்த்த ஃபெட்டா சீஸ், கொஞ்சம் மாதுளை முத்து. பிறகு டுக்கா என்று எகிப்துக்காரர்களின் பொடி: கொட்டை, எள், தனியா, சீரகம் வறுத்து ஒன்றிரண்டாக இடித்தது. நம் இட்லிப்பொடிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் உறைப்பு கிடையாது. உச்சியில் ஒரு முட்டை. அதை ஓட்டோடு அவிப்பதில்லை. கொதிக்கப்போகிற தண்ணீரில் நாலு சொட்டு வினிகர் விட்டு, கரண்டியால் சுழற்றி, அந்தச் சுழிக்குள் உடைத்து விடுகிறார்கள். வெள்ளைக்கரு மஞ்சளைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. கத்தி பட்டதும் மஞ்சள் ஒழுகி ரொட்டியெல்லாம் பரவும். இத்தனைக்கும் மேலே ஊதாவும் மஞ்சளுமாக இரண்டு சின்னப் பூ. தின்னலாமாம். நான் ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன். முட்டைக்குப் பூ வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

யாழ்ப்பாணத்து அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "எங்கட வீட்டில ஆனைக்கொய்யாவுக்குச் சீனி போட்டுக் குழைச்சுத் தருவினம். உப்புப் போட்டுத் தின்னுறதை இஞ்சதான் பாத்தன்." சொல்லிவிட்டுத் தட்டைக் காலி செய்துவிட்டார்.

விலை 25 டாலர், நம் காசுக்கு ஆயிரத்து நானூறுக்குக் குறையாது. உட்கார்ந்துகொள்ளுங்கள். இந்த ஒரு தட்டால் தேசமே சண்டை போட்டிருக்கிறது. 2016-இல் பெர்னார்ட் சால்ட் என்ற பத்தி எழுத்தாளர், இளவட்டங்கள் 22 டாலருக்கு அவகாடோ தின்கிறார்களே, அதைச் சேர்த்து வைத்தால் வீட்டுக்கு முன்பணம் ஆகாதா என்று ஒரு பத்திரிகையில் எழுதப்போக, நாடே கொதித்தது. நடுவயதுக்காரர்களின் உபதேசத்தைக் கிண்டல் செய்யத்தான் எழுதினேன் என்று பாவம் அவர் சொல்லிப் பார்த்தார், யார் கேட்டார்கள்? அம்மா அந்தப் பத்தியைப் படித்ததில்லை. ஆனாலும் வாராவாரம் அதையேதான் சொல்கிறாள், வீட்டுக்குப் பதில் நம் ஊர் கே.டி.சி. நகர் மனை என்று மாற்றி.

காபி விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் கும்பகோணத்துக்காரர்களைவிடக் கர்வக்காரர்கள். கர்வத்துக்குக் காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறிய இத்தாலிக்காரர்கள் வளர்த்துவிட்ட பழக்கம் இது. போர்க் தெருவில் பெல்லெக்ரினிஸ் என்ற கடை 1954-இல் திறந்தது, இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் 2000-இல் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்து, 2008-இல் இருந்த 84 கடைகளில் 61-ஐ மூடிவிட்டது. எனக்கு ஒரே குறை சூடு. பாலை 65 டிகிரிக்கு மேல் ஏற்றினால் ருசி கெட்டுவிடும் என்பார்கள். "இன்னும் கொஞ்சம் சூடாக" என்று கேட்டால், காபி போடுகிறவர் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, சாம்பாரில் சர்க்கரை கேட்டவரை நீங்கள் பார்ப்பீர்களே, அது.

குழந்தைகளுக்கு பேபிச்சினோ என்று ஒன்று. சின்னக் கப்பில் பால் நுரை, மேலே சாக்லேட் தூள், அவ்வளவுதான், காபி கிடையாது. நுரையைத் தனியாக விற்கிறார்கள், மாமா! நீங்கள் இத்தனை வருஷமாக டீயோடு சேர்த்துச் சும்மா ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து வருவதை உங்கள் கடை மாஸ்டர் கண்ணில் படாமல் படியுங்கள். 2025 ஜூலையில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. அதாவது தட்டைக் கொண்டுவந்து வைக்கிற பையனின் ஒரு மணி நேரக் கூலிதான் ஏறக்குறைய அந்தத் தட்டின் விலை. உங்கள் கடையில் ஒரு தோசைக்கு ஒரு சப்ளையர் எத்தனை நிமிஷம் வேலை செய்தால் போதும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு என்மேல் கோபம் வராது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூலி இன்னும் ஏறும், சட்டமே அப்படி. அதை ஈடுகட்ட, பல கடைகளில் ஞாயிறன்று பில்லில் பத்து சதவீதம் சேர்க்கிறார்கள். எந்த நாளுக்கு எத்தனை சதவீதம் என்று மெனுவிலேயே அச்சிட்டுவிட வேண்டும். டிப்ஸ் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. என் கணக்கில் இது யோக்கியமான ஏற்பாடு, பஞ்சாபிப் பெண் மட்டும் வாரம் தவறாமல் புலம்புவாள். சனிக்கிழமையே போய்விடலாமே என்றால் அன்று அவளுக்குத் தூங்க வேண்டும்.

பில் வந்ததும் "நான் கொடுக்கிறேன், நீ எடுக்காதே" என்று கல்லா முன்னால் கையைப் பிடித்துத் தள்ளுகிற சண்டை இங்கே கிடையாது. வார இறுதியில் பில்லைப் பிரித்துத் தரமாட்டோம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் கட்ட வேண்டும், மற்றவர்கள் போனில் அனுப்ப வேண்டும். கிரேக்கப் பையன் எல்லோர் தட்டிலும் கை வைப்பான். வியட்நாம் பெண் அதையும் கணக்கில் சேர்த்து, சில்லறை சென்ட் வரை பிரித்து அனுப்பிவிடுவாள். அவளை உங்கள் கடைக்குக் கணக்கு எழுத அனுப்பி வைக்கலாம்.

ஒன்று மட்டும் உங்களுக்குப் பொறுக்காது. இரண்டு மணிக்கோ, இரண்டரைக்கோ அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். நீங்கள் பஜ்ஜிக்கு மாவு கரைக்கிற நேரத்தில் இங்கே நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நாலு மணிக்கு ஒரு நல்ல காபிக்கு அலைந்தால்தான் தெரியும் இந்த ஊரின் காபி கர்வம்.

அடுத்த வாரம் கடை இல்லை. அக்கா வீட்டில் பாலப்பமும் கட்டைச் சம்பலும் என்று சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு வரச் சொன்னார், வரிசை கிடையாது, பத்து சதவீதமும் கிடையாது. பாத்திரம் மட்டும் கழுவ வேண்டுமாம். பையன் இப்போதே வேலை இருக்கிறது என்கிறான்.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
அன்பு மருமகள்