ஒன்பது சானல் வள்ளலே, வாழ்க!

ஹோம் தியேட்டர் ரிசீவரே, உன்னைப் புகழாமல் வேறு யாரைப் புகழ்வது? முல்லைக்கொடி வாய்திறந்து கேட்கவில்லை. பாரி தேரைக் கொடுத்தான். நாங்களும் கேட்கவில்லை, நீ வாட்டை வாரி வழங்குகிறாய். சானலுக்கு 150 வாட், ஒன்பது சானல், ஆகமொத்தம் 1350 வாட். உன் ஈகை அட்டைப்பெட்டியின் எல்லாப் பக்கத்திலும் பெரிய எழுத்தில் இருக்கிறது. பாரி கொடுத்த தேர் கொடியோடு காட்டிலேயே நின்றுவிட்டது. நீ கொடுத்த வாட், பெட்டியைப் பிரித்ததும் பெட்டியோடு போய்விடுகிறது. கொடுத்ததைப் பத்திரமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரிந்த வள்ளல் நீ ஒருவன்தான்.

உன் அடக்கமும் பெரிது. 150 என்பதை ஊரறியச் சொல்கிறாய். அது எப்படி வந்தது என்பதை மட்டும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்களுக்காக, பொடி எழுத்தில் வைத்திருக்கிறாய்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஓடியது ஒரே சானல். அதாவது ஒற்றை ஸ்வரத்தை, காது கூசும் அளவுக்குச் சிதைந்த பிறகும் விடாமல், மற்ற எட்டுச் சானலையும் உறங்கவைத்துவிட்டு அளந்த கணக்கு. 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல் சேர்ந்து ஓட, சிதைவு தெரியாமல் அளந்தால் அந்த 150 நூறுக்குக் கீழே இறங்கிவிடுவது வழக்கம். அந்தச் சின்ன எண்ணையும் நீ மறைப்பதில்லை. தேடிப் படிக்கும் உழைப்பாளிக்கு மட்டும் தருகிறாய்.

குலப்பெருமை காப்பதிலும் நீ குறைவைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கரோடு வந்த டேப் ரிக்கார்டர்கள்கூட பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட் காட்டின. அதற்கும் முன்பே அமெரிக்காவில் உன் முன்னோர் சொன்ன கணக்கைப் பார்த்துத் திகைத்து, அந்நாட்டு வணிக ஆணையம் 1974இல் உங்களுக்கென்றே ஒரு விதியை எழுதியது. அதன் பிறகும் உன் கற்பனைக்குக் குறைவில்லை என்பதால், 2024இல் அந்த விதியைத் திருத்தி, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவு என்று அளவைக் கட்டிப்போட வேண்டிவந்தது. ஓர் அரசாங்கம் அரை நூற்றாண்டு உன் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறது. அந்தப் பெருமை எத்தனை கருவிக்கு வாய்க்கும்?

உன் சமத்துவத்தைச் சொல்ல வேண்டும். ஒன்பது சானலுக்கும் உன்னிடம் இருப்பது ஒரே டிரான்ஸ்பார்மர், ஒரே பவர் சப்ளை. ஒரே மாடித்தொட்டியிலிருந்து ஒன்பது குழாய். ஒன்றைத் திறந்தால் பீறிடும். ஒன்பதையும் திறந்தால் எல்லோருக்கும் சமமாகச் சொட்டும். படத்தில் பாலம் இடிந்து விழும்போது முன்னால், பின்னால், கூரையில் என எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் கை நீட்டுகின்றன. அந்த நேரத்தில் நீ யாருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை. எல்லோருக்கும் ஒரேபோலக் குறைத்துவிடுகிறாய். உன் ‘பை-ஆம்ப்’ வசதி இதைவிட அருமை. சும்மா இருக்கும் இரண்டு சானலை முன் ஸ்பீக்கர்களுக்குத் திருப்பிவிடுகிறாய், கம்பி இரட்டிப்பாகிறது. தண்ணீர் வருவது மட்டும் அதே தொட்டியிலிருந்து.

கடினமான ஸ்பீக்கர்களிடம் நீ காட்டும் விவேகத்தை நினைத்தால் உள்ளம் உருகுகிறது. 20 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுத்து 50 வாட் வாங்கிக்கொள்ளும். 4 ஓம் ஸ்பீக்கர் அதே 20 வோல்ட்டில் 5 ஆம்பியரும் 100 வாட்டும் கேட்கும். 2 ஓமுக்கு இறங்கினால் 10 ஆம்பியர், 200 வாட். ஸ்பீக்கரின் முதுகில் போட்டிருக்கும் ஓம் ஒரு பெயரளவுதான். அதன் மின்தடை சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். சர்வதேசத் தர விதிப்படி அந்தப் பெயரளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. அப்படியானால் 8 ஓம் என்று விற்பது 6.4க்குக் கீழே போகக்கூடாது. ஆனால் 8 என்று போட்டுவிட்டு, பேஸ் வரும் இடத்தில் 3 ஓம் பக்கம் சரியும் ஸ்பீக்கர்கள் சந்தையில் தாராளமாக உண்டு. 1980களில் வந்த அபோஜி சின்டில்லா 1 ஓமையே கேட்டது. அதற்கு ஈடுகொடுத்தே கிரெல் பவர் ஆம்ப்கள் பெயர் வாங்கின. கேட்டதையெல்லாம் கொடுத்து, அனலாய்க் காய்ந்து, தூக்க ஆள் தேடவைக்கும் அந்த முரட்டு ஆம்ப்களின் அவசரபுத்தி உனக்கு இல்லை. கேட்பவன் பெரிய பசிக்காரன் என்று தெரிந்ததும் நீ முதலில் உன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய். கிளைமாக்ஸில் ரிலே ‘டக்’ என்று விழுகிறது, சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, வீடு அமைதியாகிறது. தற்காப்பில் உனக்கு நிகர் நீயே.

அதற்கும் முன்னதாக, மெனுவில் ‘4 ஓம்’ என்று ஒரு தேர்வை வைத்திருக்கிறாயே, அது கருணையின் உச்சம். பவர் கூடக் கிடைக்கும் என்று நம்பி அதை அழுத்துகிறவர்கள் ஏராளம். பல ரிசீவர்களில் அது செய்வது உள்ளே வோல்டேஜைக் குறைப்பது. கரண்ட்டும் சூடும் கட்டுக்குள் வந்துவிடும். அதிகம் கேட்ட ஸ்பீக்கருக்குக் குறைவாகக் கிடைக்கும். பசித்தவன் என்று எழுதிக் கொடுத்தவனுக்குச் சின்ன இலை போடும் பந்தியை வேறெங்கும் பார்க்க முடியாது.

ஆண்டுதோறும் நீ எடுக்கும் அவதாரங்களும் போற்றத்தக்கவை. போன வருடம் 100 வாட், இந்த வருடம் 110. பத்து வாட் கூடினால் சத்தம் கூடுவது 0.4 டெசிபல்; காதுக்குத் தெரியாது, விலைப்பட்டியலுக்குத் தெரியும். வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அறையின் எதிரொலி திருப்பித் தருவது போக 6 டெசிபல் இழப்பு என்று வைப்போம். சினிமாவின் உச்ச அளவான 105 டெசிபலைத் தொட 300 வாட்டுக்கு மேல் வேண்டும். 5 டெசிபல் குறைத்துக் கேட்டால் 100 வாட், 10 குறைத்தால் 32 வாட் போதும். 90 டெசிபலுக்கு மேல் தரும் எளிய 8 ஓம் ஸ்பீக்கரோடு சின்ன அறையில் உன் எண் அழகாகப் பொருந்திவிடுகிறது. 4 ஓம், 86 டெசிபல், பெரிய ஹால் என்று வரும்போதுதான் உச்ச ஒலியின் தலை வெட்டுப்படுகிறது. வயலின் கம்பி தகரமாகிறது, தவிலின் அடி அட்டையில் தட்டியதுபோல் ஆகிறது. வெட்டுப்பட்ட ஒலியின் மிச்சச் சக்தி மெல்லிய சுருளுள்ள ட்வீட்டரில் போய் ஏறி அதைச் சூடாக்குகிறது. ஆசையாய்ச் சேர்த்து வாங்கிய ஸ்பீக்கரை மாற்ற வாய்ப்புத் தேடித்தருவதும் ஓர் உபகாரமே.

ஆனாலும் உன் பெருங்குணம் ஒன்றை நெஞ்சாரச் சொல்வேன். உன் சகோதரர்கள் சிலருக்கு முதுகில் ‘ப்ரீ-அவுட்’ என்று வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. அவற்றில் கம்பியைச் செருகி, முன் இடது, வலது, நடு ஸ்பீக்கர் மூன்றையும் மூன்று சானல் பவர் ஆம்ப் ஒன்றுக்கு மாற்றிவிட்டால், கனமான வேலை உன் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. உன் ஒற்றைத் தொட்டி மற்ற சானல்களுக்குத் தாராளமாகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்குத் தள்ளி, ஆட்டோ காலிபரேஷனை இன்னொரு முறை ஓடவிட்டால், அதே ஸ்பீக்கரிலிருந்து நாதஸ்வரம் மூச்சோடு வருகிறது. அந்த ஆம்ப் உன்னைப்போல் கவி பாடாது. 8 ஓமில் இத்தனை வாட், 4 ஓமில் இத்தனை வாட், எல்லாச் சானலும் ஓட, இவ்வளவு சிதைவில் என்று வறட்டுக் கணக்குச் சொல்லும். 4 ஓமில் எண் ஏறத்தாழ இரட்டித்தால் அதன் பவர் சப்ளை வலுவானது. இறங்கினால் அதுவும் உன் சொந்தக்காரன்.

ஆக, டீகோடிங், சானல் பிரிப்பு, எச்.டி.எம்.ஐ. இணைப்பு என உனக்குக் கைவந்த வேலைகளை நீ பார்த்துக்கொள். பாரம் தூக்குவதை மற்றவனுக்கு விடு. ஒதுங்கி நிற்கும் இந்தப் பண்பு இல்லாத மாடல்களைப் பணம் கொடுத்து வாங்கிவந்து, பிறகு பவர் ஆம்பை எங்கே செருகுவது என்று தேடுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கடைக்குப் போகிறவர்கள் உன் முன்பக்கத்து லோகோக்களை எண்ணுவதற்கு முன்னால் உன்னைத் திருப்பிப் பார்க்கட்டும். உன் பெருமை முழுவதும் உன் முதுகில்தான் இருக்கிறது.