ஆதம்பாவாவின் பின்னால் நிற்பது எது? கரையூர்ப் பெயர்ப் பட்டியல்களில் வெற்றிடம் குறித்த ஓர் ஆய்வு

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான கரையூர்களில் பள்ளிவாசல் சந்தா, ஸகாத் விண்ணப்பம், குர்பான் பங்கீடு எல்லாம் இன்று எக்செல்லில் கிடக்கின்றன. அங்கே ஆட்களோடு ஆளில்லா வெளிகளும் குடியிருக்கின்றன. இதுபற்றி அறிஞர் எவரும் வாய் திறக்காததே இவ்வாய்வுக்கான நியாயம். வேறு நியாயம் இல்லை.

ஏட்டுச் சுவடிக் காலத்தில் தமிழுக்கு இந்த நோய் கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி விடும் வழக்கமே அப்போது இல்லை. பிறகு அச்சு வந்தது, தட்டச்சுப் பொறி வந்தது. நிரலை நேராக்க இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டிப் பழகிய விரல்களின் வாரிசுகளே இன்று எக்செல்லிலும் தட்டுகின்றன என்பது எமது கருதுகோள். மறுப்போர் ஏதாவதொரு கொமியூனிகேஷன் கடையில் அரை மணி நேரம் குந்தியிருந்து பார்க்கலாம்.

நிற்கும் இடம் நோக்கி வெளிகளை முதல், இடை, கடை எனப் பகுப்போம். முதல் வெளி வெட்கங்கெட்டது. அகரவரிசையில் 'அ'வுக்கும் முன்னே போய் ஏறிக்கொள்ளும், அதனாலேயே அகப்பட்டும்விடும்.

இடை வெளி நம் பகுதியின் தனிச்சொத்து. எம்.ஐ.எம்., யூ.எல்.ஏ. என்று மூன்று முதலெழுத்துகளைச் சுமக்கும் ஒருவரை எடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் வெளி விடலாம், விடாமலும் இருக்கலாம். ஆக, ஒரே மனிதர் 8 விதமாகப் பிறக்கிறார். அவர் அஹமது லெப்பையா, அஹமதுலெப்பையா என்ற ஐயத்தையும் சேர்த்தால் 16. ஊர்ப் பெயரோ இன்னும் மோசம். பிரதேச எல்லையை வருடக்கணக்காகப் பேசியும் பிரித்து முடியாத மண்ணில், கல்முனைக்குடியை இடைவெளிக் கட்டை ஒரே தட்டில் இரண்டாக்கிவிடுகிறது.

கடை வெளியே கொடியது. திரையிலும் தெரியாது, அச்சிலும் வராது. 'ஆதம்பாவா' நமக்கு 5 எழுத்து. புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணும் எக்செல்லுக்கு 8; பின்னால் வெளி ஒட்டினால் 9. சந்தாப் பட்டியலையும் குர்பான் பட்டியலையும் 'வீலுக்அப்' போட்டுப் பொருத்தினால், ஒழுங்காகச் சந்தா கட்டிய ஆதம்பாவா அங்கே இல்லாத ஆளாகிவிடுவார். "இந்தா இரிக்கே தம்பி என்ட பேரு" என்று அவர் திரையைத் தொட்டுக் காட்டினாலும் செல்லாது. 8 எழுத்துக்காரர் வேறு, 9 எழுத்துக்காரர் வேறு.

'ட்ரிம்' என்னும் சூத்திரம் முதலையும் கடையையும் நறுக்கும், இடையில் பல இருந்தால் ஒன்றாக்கும். ஆனால் அது அறிந்தது கணினிக் குறியீட்டில் 32ஆம் எண் வெளியை மட்டும். இணையத்திலிருந்து பிரதி பண்ணும்போது கூடவே வரும் 160ஆம் எண் வெளியை அது தொடாது. அதை 'சப்ஸ்டிட்யூட்' கொண்டு முதலில் மாற்ற வேண்டும். லெப்பை ஒட்டி வருவாரா, தள்ளி நிற்பாரா என்பதை எந்தச் சூத்திரமும் தீர்க்காது. அதற்கு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

எதிர்த்தரப்பையும் சொல்வதே ஆய்வு நேர்மை. 2016 முதல் வழங்கப்படும் நமது அடையாள அட்டையின் எண் 12 இலக்கங்கள் கொண்டது. வெறுமனே தட்டினால் எக்செல் அதைப் பெரிய எண்ணென்று கருதி, 1.98 என்பது போலத் தொடங்கி நடுவில் ஆங்கில எழுத்தொன்று செருகிய விஞ்ஞானக் குறிப்பாகக் காட்டும். நடுவே ஒரு வெளி இருந்தால் எழுத்தாகக் கருதி அப்படியே விட்டுவைக்கும். யாரோ சுத்தம் செய்கிறேன் என்று 'ரீப்ளேஸ்' கொடுத்து வெளியை அகற்றினால் ஊரே விஞ்ஞானமாகிவிடும். வேண்டாத வெளி செய்த ஒரே நற்காரியம் இதுதான்.

ஆகவே பட்டியல் தட்டுவோரிடம் ஒரு வேண்டுகோள்: அடையாள அட்டை நிரலை முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள். பெயர் முடிந்ததும் பெருவிரலைக் கட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள்.