டிராக் பாய்

எங்கள் தெருவில் ஏறி உட்கார்ந்தால் இறங்க மனம் வராத திண்ணை டிராக் பாய் வீட்டுத் திண்ணைதான். அங்கே நாற்காலி கிடையாது. ஒரு மாருதி எஸ்டீமின் பின் சீட்டு கிடக்கிறது. உட்கார்ந்தால் இடுப்பு வரை வாங்கிக்கொள்ளும். கருவாடு விற்க வருகிறவர், சீட்டுப் பணம் பிரிக்க வருகிறவர், நான், எல்லோரும் அதில் சாய்ந்துதான் ஊர்க்கதை பேசுகிறோம். கொட்டகைக்குள் நிற்கும் காரில்தான் உட்கார இடமில்லை.

துபாயில் பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். கோட்டைப்பட்டினத்துக்குத் திரும்புகிறவர்கள் வழக்கமாக வீட்டுக்கு ஒரு மாடி எழுப்புவார்கள், இல்லையென்றால் ஒரு விசைப்படகில் பங்கு போடுவார்கள். இவர் அத்தா வாங்கி வைத்திருந்த 1999 எஸ்டீமைக் கொட்டகையில் ஏற்றி, நாலு பக்கமும் கட்டை கொடுத்து நிறுத்தி, கழற்ற ஆரம்பித்தார். முதலில் கழன்றது ஏசி. பதினோரு வருஷம் சோறு போட்ட சாமான்.

"வண்டி என்ன ரிப்பேர் பாய்?" என்று எட்டிப் பார்த்தேன்.

"ரிப்பேரெல்லாம் இல்ல சார். நல்லாத்தான் ஓடுது. டிராக்குக்கு மாத்துறேன்."

நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு நாலு மணிக்கு.

இந்த ரகத்து ஆட்கள் கோயம்புத்தூரில் நிறைய உண்டு. எங்களூருக்கு வாய்த்தவர் இவர் ஒருவர். இவர்களுக்குக் கார் என்பது ஊருக்குப் போய்வரும் வாகனமில்லை, குறைக்க வேண்டிய எடை. எந்தப் பேச்சை எடுத்தாலும் கிலோவில் வந்து நிற்கும். கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவை நாலு பேர் தூக்கி வந்தால் நமக்கு மணம் தெரியும். இவருக்குப் பித்தளை தெரியும். "அலுமினியத்துல செஞ்சிருந்தா ரெண்டு ஆளு போதும் சார்."

இன்னொரு லட்சணம், சரித்திரம். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களைப் பற்றி, பக்கத்தில் நின்று புகை குடித்தவர் மாதிரி சொல்வார். இவர் பார்த்ததில்லை. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக்கே வந்துவிட்டது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர் என்பார். கடைசியில் வந்து சேரும் இடம் கோயம்புத்தூர் கரிவரதன். "மாருதி 800 எஞ்சின் சார், வெறும் 796 சிசி. அத வச்சு ஒத்த சீட்டு ஃபார்முலா காரே கட்டுனாரு அந்த மனுசன். நம்மகிட்ட இருக்கறது 1298 சிசி!" சொல்லிவிட்டு, மீதி 502 சிசிக்கு நான்தான் ஜவாப் சொல்லவேண்டும் என்பது போல என்னையே பார்ப்பார். செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே ஒரு டிராக் இருக்கிறது என்பதை மட்டும் எனக்கு ஆறு தடவை சொல்லியிருக்கிறார்.

கழற்றியதை எடைபோட வேண்டுமே. வீட்டுத் தராசு பத்தாது. ஒவ்வொன்றையும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு மீன் ஏலம் விடும் இடத்துக்குப் போவார். நண்டுக்கும் இறாலுக்கும் நடுவே எஸ்டீமின் பின் சீட்டு தராசில் ஏறும். ஏலக்காரர் முதல் நாள் முறைத்தார். நாலாம் நாளே பழகிவிட்டது. "பதினாலே கால் கிலோ பாய்! கிலோ என்ன வெலைக்கு விடலாம்?" சீட்டு, கார்ப்பெட், ஸ்டெப்னி, ஏசி, பின் கதவுகளின் உள்பலகை என்று ஒரு நோட்டு முழுக்கக் கணக்கு. கார்ப்பெட் ஆட்டுக்கொட்டிலுக்குப் போனது. ஸ்டெப்னி வாசலில் பூச்செடிக்கு அணை. ஒரு மாதத்தில் நோட்டில் 84 கிலோ ஏறியிருந்தது. அந்த 84 கிலோவும் இன்றைக்கும் எங்கள் தெருவுக்குள்ளேயேதான் இருக்கிறது.

பிறகு வந்தது தார். காரின் தரையில் சத்தம் அடங்க கம்பெனியிலேயே தார்த் தகடு ஒட்டியிருப்பார்கள். அது தகரத்தோடு தகரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். உளி வைத்தால் சவ்வு மிட்டாய் போல இழுபடும். வெளிநாட்டில் அதன் மேல் உலர் பனிக்கட்டியைக் கொட்டுவார்களாம். மைனஸ் 78 டிகிரி. தார் விறைத்து, தட்டினால் அப்பளமாக நொறுங்கும். அதற்கு எங்கே போக? ஆனால் ஏசி மெக்கானிக்குக் குளிர்ச்சி எப்படி வரும் என்று தெரியாதா? நொறுக்கிய ஐஸில் மூன்றுக்கு ஒரு பங்கு உப்பைக் கலந்தால் மைனஸ் இருபது வரை இறங்கும். படகுக்கு ஏற்றும் ஐஸ் ரெண்டு கூடை, கருவாட்டுக்குப் போடும் உப்பு ஒரு மூட்டை. எங்களூரில் ரெண்டுக்கும் பஞ்சமே கிடையாது.

நானும் கூட நின்றேன். காரின் தரை முழுக்க ஐஸைப் பரப்பி, உப்பைத் தூவி, மேலே சாக்குப் போட்டு மூடி, அரைமணி நேரம் காத்திருந்தோம். சாக்கை விலக்கிச் சுத்தியலால் ஒரு தட்டு. "டப்" என்று உள்ளங்கை அகலத்துக்குத் தார் பிளந்து எகிறியது. பாயின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, வலையில் சுறா விழுந்தவன் முகம். அன்று சாயங்காலத்துக்குள் ஏழு கிலோ தார் தராசுக்குப் போனது.

தண்ணீர் அடித்துக் கழுவத்தான் செய்தார். ஆனால் தகரமும் தகரமும் சேரும் மடிப்புக்குள் புகுந்த உப்பை யார் கழுவுவது? ரெண்டு மாதத்தில் டிரைவர் காலடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தரை தெரிந்தது. காரின் தரை இல்லை, கொட்டகையின் தரை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குனிந்து ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கு பாய் இம்புட்டுக் கஷ்டம்? கடக்கரைல நிப்பாட்டிட்டு வீட்டுக்குப் போயிருந்தா, உப்புக் காத்தே பாதி எடையக் கொறச்சிருக்குமே."

ஓட்டையை மறைக்கப் போட்ட தகடு ஒன்றரை கிலோ. அது நோட்டில் ஏறவில்லை.

அடுத்தது கூண்டு. கார் குப்புற விழுந்தால் ஓட்டுகிறவர் தலை நசுங்காமல் இருக்க உள்ளே குழாயில் ஒரு கூண்டு கட்டவேண்டும். படகுக்கு விஞ்சு ஸ்டாண்ட் அடிக்கும் வெல்டர், வழக்கமான ஜிஐ பைப்போடு வந்தார். பாய் அதைத் தொடவே விடவில்லை. "தையல் போட்ட பைப்பு ஆகாதுண்ணே, அடி விழுந்தா தையல் வாய் பொளந்துரும். தையலே இல்லாத பைப்பு, வெளிச்சுத்து 45 மில்லி, கனம் ரெண்டர மில்லி." அது திருச்சியிலிருந்து வர ஒரு மாதம். எங்கள் வெல்டருக்கு ஓய்வு கிடைப்பதே மீன்பிடித் தடைக்காலத்தில்தான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களிலும் கரையேற்றிய படகுகளுக்குப் போக மிச்ச நேரம்தான் எஸ்டீமுக்கு. ஜூன் 14 ராத்திரி படகுகளெல்லாம் டீசல் பிடித்துக்கொண்டிருக்க, வெல்டர் போய்விட்டார். கூண்டின் இடது பக்கம் மட்டும் முடிந்திருந்தது. வலது பக்கம் அடுத்த ஏப்ரலில். டிரைவர் உட்காரும் பக்கம் அதுதான் என்பதை அந்தப் பத்து மாதமும் நான் சொல்லிக்காட்டவில்லை. முடிந்த கூண்டின் எடை 41 கிலோ. கழற்றியதில் பாதி திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

இனி அதை ரோட்டில் ஓட்ட முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வண்டி வேறு, கொட்டகையில் நிற்கும் வண்டி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதை ஒப்புக்கொள்ளாது. ஆகவே அந்த ரேஸ் கார், சென்னைக்கு மீன் இறக்கப் போகும் லாரியில் போனது. கிட்டத்தட்ட நானூறு கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்த எனக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் சொந்தமாக உண்டு. அதனால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் அன்று யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஓட்டிப் பார்க்கும் நாள். சுற்றிலும் பளபளவென்று வண்டிகள். எங்கள் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு பூனை வந்து பின் சக்கரத்தை முகர்ந்துவிட்டு, போகாமல் அங்கேயே படுத்தது.

முதல் சுற்று ரெண்டு நிமிஷம் நாற்பத்தெட்டு செகண்டு. இரண்டாவது, நாற்பத்தொன்று. நேர்ப்பாதையில் எஸ்டீம் கத்திக்கொண்டு போனபோது, வெறும் தகரமாக நின்ற வண்டியா இது என்று எனக்கே புல்லரித்தது. ஸ்டாப்வாட்ச்சை அமுக்க மறந்துவிட்டேன். மூன்றாவது சுற்றில் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது மெதுவாக, கியரிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தது.

"பிரேக்கு இல்ல சார். வாழப்பழத்த மிதிச்ச மாதிரி உள்ள போகுது."

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் கொதிக்க 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறியது 155லேயே கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் பிரேக் எப்படிப் பிடிக்கும்? பாய் ஊற்றியது, முதல் தடைக்காலத்தில் வாங்கித் திறந்து, கொட்டகை ஜன்னலில், கடலைப் பார்த்தபடி, ஒரு வருஷம் வைத்திருந்த டப்பா. அவர் பைசா கூடத் திரும்பக் கேட்கவில்லை, யாரையும் திட்டவில்லை. நாற்பத்தொன்று செகண்டையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீட்டம்மா திண்ணையில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தனாவதா வந்தீக?"

"இது போட்டியில்ல. டயம் பாக்குறது."

"சரி, எங்கேருந்து எங்க வரைக்கும் ஓட்டுனீக?"

"கெளம்புன எடத்துக்கே வந்து சேரணும். அதான் டிராக்கு."

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"கெளம்புன எடத்துலயே இருக்கறதுக்கா ரெண்டு வருசம்?" என்று உள்ளே போனவர், மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு பையோடு வெளியே வந்தார். அறந்தாங்கியில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். கார் இருக்கும் வீடு என்று பெயர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பாய் எழுந்து ஓடி மனைவி கையிலிருந்து பையை வாங்கினார். வாங்கியவர் ஒரு கணம் நின்று, பையை ஒருமுறை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார்.

"என்ன, அஞ்சு கிலோ இருக்குமா?"