அசல் கறுப்பு

கேம் ஆடவும் வேண்டும், வீடியோ எடிட்டிங்கும் ஓட வேண்டும். எந்த மானிட்டர் வாங்கலாம் என்று கல்மண்டபத்துத் தம்பி ஒருவன் கேட்டான். ரிச்சி தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்திருந்தான். "ஐபிஎஸ் பேனல்ல கறுப்பு சாம்பலாத்தான் தெரியுமாம் அண்ணே. ஓஎல்இடி எடுத்தாத்தான் அசல் கறுப்பாம்."

அசல் கறுப்பா? ராயபுரத்துக்காரனிடமா விற்கப் பார்க்கிறார்கள்?

2011 வரை பக்கத்துச் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கியது. அந்தக் காலத்தில் மொட்டை மாடியில் வேட்டி காயப்போட்ட வீடுகளைக் கேட்டால் கறுப்பில் எத்தனை தரம் உண்டென்று சொல்வார்கள். வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் நிலக்கரியை இங்கிருந்து கிளப்பி எண்ணூருக்கு அனுப்பியது. எண்ணூரிலும் மனிதர்கள் துணி காயப்போடுவார்கள் என்பது யார் கணக்கிலும் வரவில்லை போலும். அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடந்தது. பக்கத்திலேயே கரியையும் வைத்தாயிற்று. கான்ட்ராஸ்ட் என்றால் இதுவல்லவா கான்ட்ராஸ்ட்!

பளபளப்பான கறுப்பும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. விண்வெளிக்கு ராக்கெட் விடும் நாடு அதைப் பிளாஸ்டிக் வாளியால் அள்ளியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தையே மூடியது. படகு, வலை, கூழைக்கடா எல்லாம் ஒரே நிறம். ஏறக்குறைய ஏழு ஆண்டு இடைவெளியில் தொழில்நுட்பம் வளராமலா இருக்கும்? இம்முறை மீனவர்கள் வாளியோடு மக்கும் வைத்திருந்தார்கள்.

தம்பியின் அடுத்த கவலை ரெஸ்பான்ஸ் டைம். ஒரு சாம்பல் நிறம் இன்னொரு சாம்பல் நிறமாக மாற 1 மில்லிசெகண்டுதான் ஆகும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதாம். 240 ஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ நாலேகால் மில்லிசெகண்டுக்கு ஒரு புதுப் படம். அரசிடமும் ஒரு மானிட்டர் உண்டப்பா, காற்றைக் கண்காணிக்க. அதன் தரக் குறியீட்டில் அம்மோனியாவுக்கு 24 மணி நேரச் சராசரி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கடலுக்கடியில் உரத் தொழிற்சாலையின் அம்மோனியா குழாய் கசிந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சராசரி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. மூக்குதான் முதலில் சொன்னது. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலில் அளந்தது: கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாத இடத்தில் 2090.

உன் 10 பிட் பேனல் 107 கோடி நிறம் காட்டும். காற்றுக் குறியீட்டுக்கு ஆறே நிறம். 500-க்கு மேல் எண்ணும் கிடையாது. இப்படி ஒரு மானிட்டரை ரிச்சி தெருவில் விற்றால் அன்றைக்கே கடைக்காரன் தலையில் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

ஓஎல்இடியில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரே படம் நெடுநேரம் நின்றால் திரையில் தழும்பாகிவிடும், பர்ன்-இன் என்பார்கள். வடசென்னை என்றால் கத்தி, கஞ்சா, கானா என்று கோடம்பாக்கத்துத் திரையில் விழுந்ததும் அந்தத் தழும்புதான். நிறம் இம்மியும் பிசகாத விலையுயர்ந்த மானிட்டரின் முன் உட்கார்ந்து, நம் முகத்தை இன்னும் இரண்டு பங்கு கறுப்பாக்கி, கத்தியை மட்டும் பளிச்சென்று விடுவதற்குக் கலர் கிரேடிங் என்று பெயர். கறுப்பைக் கொட்டியவன் எந்தப் படத்திலும் வில்லனாக வந்து நான் பார்க்கவில்லை.

சரி, கேட்டதற்குப் பதில். 27 அங்குலம், 1440பி, 144 ஹெர்ட்ஸுக்கு மேல், எஸ்ஆர்ஜிபி முழுதாகக் காட்டும் ஐபிஎஸ் போதும். ஹெச்டிஆர் 400 ஸ்டிக்கருக்குத் தனியாகக் காசு கொடுக்காதே. அந்தச் சான்றுக்குத் திரையைப் பகுதி பகுதியாக இருளாக்கும் லோக்கல் டிம்மிங்கூடக் கட்டாயமில்லை. வீட்டுக்கு வந்ததும் கன்டெய்னர் லாரி போகிற பக்கத்து ஜன்னலைச் சாத்து. மறுநாள் காலை திரையை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கலர் கிரேடிங் பண்ணாதே.