சிரட்டையில் எட்டு மார்க்

வாங்க டீச்சரம்மா. திண்ணையில உக்காருங்க, வெயிலு இந்தப் பக்கம் வர இன்னும் நேரங்கெடக்கு. பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்குக் கதையக் குடுத்தா ஒண்ணும் வெளங்கிக்கிட மாட்டேங்குதுகன்னு சொன்னீகளாம். டீக்கடை வரைக்கும் பேச்சு வந்திருச்சி. வெளங்கலன்னு யாரு சொன்னது? எம்பேரன் அரையாண்டுல நெடுவினாவுக்கு எட்டுக்கு எட்டு வாங்கியிருக்கான். முன்னுரை, முடிவுரை, நடுவுல அடிக்கோடு போட்ட நாலு தலைப்பு. தாளப் பாத்தா கல்யாணப் பத்திரிகை மாதிரி அம்புட்டு லட்சணம். “ஏலே, நீத்துப்பாகம்னு எழுதியிருக்கியே, அப்படின்னா என்ன?”ன்னு கேட்டேன். “அது புக்குலயே போட்டிருக்கு தாத்தா”ன்னான். அந்நேரம் அவன் பின்னாலதான் அவங்க ஆச்சி எனக்குக் கஞ்சிக் கலயத்தத் தூக்கிக்கிட்டு நிக்கா.

வேடிக்கையப் பாருங்க. நம்ம இடைசெவக்காரரு கி.ரா., இந்த ஊரு சனங்களையும் கொஞ்சம் கற்பனையையும் சேத்துப் பெசஞ்சி ‘கோபல்லபுரத்து மக்கள்’னு எழுதுனாரு. சொதந்திரப் போராட்ட காலத்துக் கதை. 1991க்கு சாகித்திய அகாடமிப் பரிசு குடுத்தாக. அதுல ஒரு துண்ட வெட்டி, மெட்ராசுல அச்சடிச்சி, 2019ல பத்தாங்கிளாஸ் தமிழ்ப் புத்தகத்துல விரிவானம்னு பேரு வச்சி நமக்கே திருப்பி அனுப்புனாக. இந்த மண்ணுல வெளஞ்சது மெட்ராசு போயிட்டு வந்ததும் நம்ம பிள்ளைக அத அசலூருப் பண்டமாட்டம் பாக்குதுக. கி.ரா. பெரிய பள்ளிப்படிப்பு படிச்ச ஆளு இல்ல, ஆனாலும் பெறகு பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில பேராசிரியரா இருந்தாரு. அவரே வந்து அவரு பாடத்துல இந்தப் பரீட்சை எழுதியிருந்தா, உள்தலைப்பு போடலன்னு ரெண்டு மார்க்காவது கொறச்சிருப்பீக.

கோவிச்சுக்கிடாதீக. கேள்வியும் அப்படித்தான் இருக்கு. அன்னமய்யாங்கிற பேருக்கும் அவன் செஞ்ச காரியத்துக்கும் உள்ள பொருத்தத்த எழுதணுமாம். பசியில கெறங்கி வந்து அன்னமய்யா கையால கஞ்சி குடிச்ச ஆளே கதைக்குள்ள, பேரு எம்புட்டுப் பொருத்தம்னு நெனச்சி முடிச்சிட்டாரு. பிள்ளைக்கு மிச்சம் என்ன வேலை? பாத்து எழுத வேண்டியதுதான்.

நானா இருந்தா, நோட்டை மூடச் சொல்லிட்டு ஒரு கலயத்த நடுவுல வைப்பேன். கம்மங்கஞ்சி. கொஞ்ச நேரம் ஆடாம அசையாம இருந்தா மேல தண்ணி தெளிஞ்சி நிக்கும், அதுதான் நீத்துப்பாகம். அடியில சோத்து மகுளி மண்டிக் கெடக்கும். அன்னமய்யா என்ன செய்தான்? சிரட்டையில மொதல்ல மேல்தண்ணிய வடிச்சிக் குடுத்தான். பெறகு கலயத்த ஒரு ஆட்டு ஆட்டி, மகுளியோட கலந்து ஊத்துனான். ஏன் அப்படி? ஏன் எடுத்தவொடன கெட்டியாக் குடுக்கல? இதக் கேட்டுட்டு நீங்க சும்மா இருங்க. பதிலச் சொல்லிராதீக, டீச்சருகளுக்கு அதுதான் கஷ்டம், தெரியும். ஒரு பிள்ளை முழிக்கும், ஒண்ணு சிரிக்கும். வீட்டுல நோயாளியப் பாத்துக்கிட்ட ஒரு பொம்பளப்பிள்ளை பின்வரிசையில இருந்து சொல்லும்: காய்ஞ்ச வயித்துக்குக் கெட்டியாக் குடுத்தா பொரட்டும்னு. அந்தப் பிள்ளை தமிழ்ல முப்பத்தஞ்சு தாண்டாத பிள்ளையா இருக்கும், பாத்துக்கிடுங்க. இப்ப நம்ம வகுப்புல நடக்குறது, மேலாகத் தெளிஞ்சத மட்டும் வடிச்சிக் குடுத்திட்டுக் கலயத்தக் கவுத்துறது.

அருகெடுக்குறாகன்னு வருதே, அதையும் விட்டுறாதீக. அருகம்புல்லப் பிள்ளையாருக்கு வைக்கிற புல்லாத்தான் இதுகளுக்குத் தெரியும். கரிசல்ல அது வேர் விட்டுட்டா வெள்ளாமை போச்சு. ஆழத் தோண்டி வேரோட வாங்கணும். ஒத்த ஆளால ஆகாது, கூட்டமாத்தான் எறங்கணும். கூட்டமா எறங்குனதாலதான் கூட்டமாக் கஞ்சி இருந்துச்சி, அங்க வந்தவனுக்கும் ஒரு வாய் கெடச்சிது. விருந்தோம்பல்னு நீங்க எழுதிப்போடுற பெரிய வார்த்தைக்கு அடியில ஒரு புஞ்சை வேலை கெடக்கு.

இன்னொண்ணு. ஏதாவது ஒரு பிள்ளை எந்திரிச்சி, “டீச்சர், அந்தச் சிரட்டை யாருக்கு வச்சிருந்த சிரட்டை? வந்த ஆளு என்ன ஆளுன்னு பாத்தாகளா?”ன்னு கேட்டா, “பாடத்துல இல்லாததக் கேக்காத, உக்காரு”ன்னு சொல்லிராதீக. எங்க காலத்துல தண்ணி ஊத்துறதுக்கு முந்தி ஊரு எதுன்னு கேப்பாக. ஊரக் கேக்கல, வேற என்னமோ கேக்காகன்னு கேக்குறவனுக்கும் தெரியும், சொல்லுறவனுக்கும் தெரியும். டீக்கடையில ரெண்டு வகை டம்ளர் கெடந்தத இந்தக் கண்ணால பாத்திருக்கேன். அந்தப் பிள்ளை கதைக்குள்ள போயி நின்னு கேக்கு. அதுக்குக் குடுங்க எட்டு மார்க்கையும்.

பாடத்துல மட்டுமில்ல, சரித்திரத்துலயும் இப்படிக் கேள்வி கேக்கணும். தெக்க பஸ் ஏறுனா கயத்தாறு. 1799 அக்டோபர் 16ந்தேதி கும்பினி மேஜர் பானர்மேன் கட்டபொம்மனத் தூக்குல போட்ட எடம். சிவாஜி கணேசன் சொந்தக் காசுல எடம் வாங்கிச் சிலை வச்சாரு. வருசா வருசம் மாறுவேசப் போட்டின்னா நம்ம பயலுக கரிக்கட்டையில மீசை எழுதி, அட்டையில வாள வெட்டி, வரி கேட்ட தொரையப் பாத்து முழங்குறானுக. மைக்கு கிழியிது. பெத்தவங்க கண்ணுல தண்ணி. நானுந்தான் கைதட்டுறேன், எனக்கும் ரத்தம் சூடாத்தான் ஆகும். கீழ எறங்குனதும் ஒரு பயலக் கூப்பிட்டுக் கேட்டேன்: “நீ பேசுனத அன்னைக்கி யாருலே பக்கத்துல இருந்து எழுதி வச்சது?” பய மீசைய ஒரு கையால அழிச்சிக்கிட்டே யோசிச்சான். “கட்டபொம்மனே எழுதியிருப்பாரு”ன்னான்.

கட்டபொம்மன் அந்தத் தொரைய, கலெக்டர் ஜாக்சன, ராமநாதபுரத்துல பாத்தது 1798. பய பேசுன வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதுனது. சிவாஜி நடிச்ச கட்டபொம்மன் படம் வந்தது 1959. எடையில நூத்தி அறுவது வருசம் கெடக்கு. இத நான் சொன்னா, “பெருசு வீரனக் கொறச்சிப் பேசுது”ன்னு ரெண்டு பேரு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு வருவாக. கொறைக்கல அய்யா! தூக்குல தொங்குனது நெசம், பேசுன பேச்சு நாடகம். ரெண்டையும் பிரிச்சிப் பாக்குற பிள்ளைக்கு வீரன் மேல மரியாதை கூடத்தான் செய்யும். அதே பிள்ளைகள எட்டயபுரத்துக்கு ஒரு நா கூட்டிட்டுப் போங்க. எட்டயபுரம் பாளையம் அப்ப கும்பினிக்காரன் பக்கம். அங்க உள்ள பெருசுக கிட்ட இதே கதையக் கேட்டா வேற வாட்டத்துல சொல்லும். ரெண்டையும் கேட்ட பிள்ளை மூணாவதா ஒண்ணு கேக்கும். அது என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?

பொன்னியின் செல்வனும் அப்படித்தான். படம் வந்தப்ப வீட்டுக்கு வீடு, ஆதித்த கரிகாலன யாரு கொன்னதுன்னு சண்டை. கொலைகாரங்க ரவிதாசன் கூட்டம்னு உடையார்குடி கல்வெட்டுல இருக்கு. நந்தினின்னு ஒரு பொம்பள அதுல கெடையாது, அவ கல்கி பெத்த மக. எம்பேரன்கிட்ட இதச் சொன்னதும் ஏமாந்த மாதிரி ஆயிட்டான். மறுநா விடிஞ்சதும் வந்து, “அப்ப அவர எதுக்குக் கொன்னாங்களாம், அது கல்வெட்டுல இருக்கா?”ன்னான். அரையாண்டுல எட்டுக்கு எட்டு வாங்குன பயதான். அன்னைக்கித்தான் மொதமொதல்ல வாசிச்சான்னு நான் கணக்கு வச்சிருக்கேன்.

கி.ரா.வோட இன்னொரு கதை ‘கோபல்ல கிராமம்’ படிக்கச் சொன்னா பிள்ளைக மொதல்ல மங்கத்தாயாரு கிட்டத்தான் மல்லுக்கு நிக்கும். நூத்தி முப்பத்தேழு வயசுக் கெழவி! “சும்மா விடுறாரு”ன்னு சொல்லும். சொல்லட்டும். “கதைதானடா, விடு”ன்னு மட்டும் நீங்க சொல்லிராதீக. எதுக்குக் கெழவிக்கு அம்புட்டு வயசு வைக்க கி.ரா.வுக்குத் தேவைப்பட்டுச்சின்னு கேளுங்க. அந்த ஊரு சனங்க தெலுங்குச் சீமையில இருந்து தப்பி ஓடியாந்தது, காட்ட எரிச்சி ஊராக்குனது, இதெல்லாம் தாத்தனுக்குத் தாத்தன் காலம். கும்பினிக்காரன் வந்து நிக்கிற நாள்ல அதக் கண்ணால கண்டதாச் சொல்ல ஒரு ஆளு வேணும். எண்பது வயசு பத்தாது. அதான் ஆயுசக் கூட்டிப் போட்டுட்டாரு. பொய்யி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது பாதி. எதுக்காகச் சொன்னாருன்னு கண்டுபிடிக்கிறது மீதி. இதுக்கெல்லாம் மேலதிகாரி வந்து பாத்தா, “பாடத்திட்டம் முடிக்கல”ன்னு ஒரு குறிப்பு எழுதுவாரு. முன்னுரை முடிவுரை எல்லாம் போட்டு அதுக்கு விளக்கம் குடுங்க, சந்தோசப்படுவாரு.

சனிக்கெழமை பிள்ளைகளக் கூட்டிட்டு இங்கன வாங்க. ஊரு கதை ஒண்ணு சொல்லுதேன். அதுக்குள்ள ஒரே ஒரு பொய்ய ஒளிச்சி வைப்பேன். எதுன்னு உங்களுக்கும் சொல்ல மாட்டேன். கண்டுபிடிச்சி, ஏன் பொய்யின்னு காரணமும் சொல்லுற பிள்ளைக்குக் கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு பாக்கெட்டு. மிட்டாய்ச் செலவு உங்களோடது டீச்சரம்மா, எனக்கு இன்னும் பென்சன் வரல. பொய்யிச் செலவு என்னோடது. எதுக்கும் நாலஞ்சு பாக்கெட்டாவே வாங்கியாங்க. நான் ஒண்ணுன்னு சொன்னாலும், பேச்சு வேகத்துல கூடக்கொறைய விழுந்துரும்.