மழை எனக்கு மட்டும்

கார் பந்தய வீடியோ கேம்களில் பெய்யும் மழைக்கு ஓரவஞ்சனை உண்டு. இருபது கார்கள் ஓடும் தடத்தில் அது என் காரைத் தேடிப் பிடித்து நனைக்கும். மற்ற பத்தொன்பதையும் ஓட்டுவது கம்ப்யூட்டர். அவை வெயிலில் போன அதே தினுசில் போய்க்கொண்டிருக்க, நான் பிரேக்கைத் தொட்ட மாத்திரத்தில் காரின் வால் முன்னே வந்து, புல்வெளியில் எதிர்த்திசையைப் பார்த்து நிற்கிறேன்.

எதிராளி எவ்வளவு கெட்டிக்காரனாக இருக்கலாம் என்பதை நாமே தீர்மானிக்க ஒரு ஸ்லைடர் கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் ஓட்டிப் பார்த்து, கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, 80க்குப் பக்கத்தில் எனக்கென்று ஓர் எண்ணைப் பிடித்து வைத்திருக்கிறேன். அதில் ஏழாவதோ எட்டாவதோ வருவேன். தோற்றாலும் கௌரவமான தோல்வி. மழை வந்தால் அந்த எண் செல்லாக்காசு. "அப்பா, பேசாம 40 வச்சுக்கோயேன்" என்று சோபாவிலிருந்து குரல் கொடுக்கிறான் பையன். கணக்கில் அவன் 40 வாங்கி வந்த அன்று நான் பேசியதை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறான்.

நிஜப் பந்தயத்தில் மழை எல்லோருக்கும் பொது. ஃபார்முலா 1இல் நீலக் கோடு போட்ட மழை டயர் ஒன்று, 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும் என்பது பிரெல்லி நிறுவனத்தின் கணக்கு. ஒரு காருக்கு நான்கு டயர். பின்னால் வருபவருக்கு முன்னால் தெரிவதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். வெயில் நாளில் எல்லோரும் ஓட்டி ஓட்டி ரப்பர் படிந்த பாதைதான் வேகமான பாதை. நனைந்ததும் அதுவே வழுக்குப்பாறை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய், ரப்பர் படியாத சொரசொரப்பான தாரில் பிடிப்புத் தேடுவார்கள். 1993இல் டானிங்டன் பார்க்கில் நனைந்த தடத்தில் நான்காவதாகக் கிளம்பிய அயர்டன் சென்னா, சட்டென்று ஐந்தாவது இடத்துக்குப் பின்தங்கினார். ஆனால் முதல் சுற்று முடிவதற்குள் ஷூமாக்கர், வெண்ட்லிங்கர், ஹில், ப்ராஸ்ட் நால்வரையும் தாண்டிவிட்டார். வெண்ட்லிங்கரைத் தாண்டியது வெளிப்பக்கமாகத்தான்.

அதைப் பார்த்து நானும் வெளிப்பக்கம் போனேன். கேம் செய்தவர்கள் அங்கே பிடிப்பு என்ற ஒன்றை வைக்கவே இல்லை.

சென்னாவுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. பின் டயர் நழுவத் தொடங்குவது ஓட்டுநருக்கு முதலில் தெரிவது இருக்கை வழியாக. எனக்கு முதுகு வழியாக வரும் ஒரே செய்தி, சோபாவில் ஸ்பிரிங் போய்விட்டது என்பது. கையிலிருக்கும் கண்ட்ரோலர் அதிரும், வாஸ்தவம்தான். அது அதிர்கிற நேரத்தில் நான் புல்லில் இருப்பேன்.

கம்ப்யூட்டர் ஓட்டுநருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அதற்குக் கண்ணே இல்லை, சாரல் எதை மறைக்கும்? நான் எங்கே இருக்கிறேன், வளைவு எத்தனை மீட்டரில் வருகிறது எல்லாம் அதற்கு எண்களாகவே போய்ச் சேருகின்றன. போதாததற்கு, பல கேம்களில் நம் காருக்கு ஒரு பௌதிகம், அவர்கள் காருக்குச் சுருக்கிய பௌதிகம். அத்தனை காரின் அத்தனை டயரையும் தண்ணீரோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் இயந்திரம் திணறிவிடும். ஆகவே "மழையா, இத்தனை சதவீதம் மெதுவாகப் போ" என்று ஓர் உத்தரவோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சதவீதம் கொஞ்சம் பிசகினால் பத்தொன்பது சென்னாக்கள். அந்தப் பக்கம் பிசகினால் இன்னும் விசேஷம். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு எல்லோரும் சாலைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறவர்கள் மாதிரி வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் போட ஆரம்பித்தார்கள். வரிசையாக ஒவ்வொருவர் முதுகிலும் முட்டி, ஒவ்வொரு முட்டுக்கும் அபராதம் வாங்கினேன்.

கேம் செய்பவர்களில் ஜெஃப் கிராமண்ட் விவரமானவர். 1996இல் அவர் செய்த 'கிராண்ட் பிரீ 2'இல் மழையே கிடையாது. சோனியின் 'சோஃபி' என்ற செயற்கை நுண்ணறிவு ஓட்டுநரோ கிரான் டூரிஸ்மோ கேமில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களையே தோற்கடித்து, 2022இல் 'நேச்சர்' ஆய்விதழ் வரை போய்விட்டது. அதோடு மழையில் மோதும் ஆசை எனக்கில்லை.

வீட்டில் இதற்கெல்லாம் எளிய தீர்வு ஒன்று சொல்கிறார்கள். "ஏங்க, வைப்பரைப் போட்டா என்ன?" ஃபார்முலா காரில் கண்ணாடியே இல்லை என்று விளக்கினேன். "கண்ணாடியில்லாத காரை மழையில எதுக்கு எடுக்கறீங்க?" இதற்கு சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பிடமும் பதில் இருக்காது.

கடைசியில் உறவு, நட்பு வட்டத்தைத் திரட்டி ஆன்லைனில் ஒரு பந்தயம் வைத்தேன். எல்லோரும் மனிதர்கள், கொட்டும் மழை. முதல் வளைவில் ஒருவர் விடாமல் சறுக்கினோம். அண்ணன் முறை, மாமா முறை பார்க்காமல் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றோம். இப்படியொரு நியாயமான பந்தயத்தை நான் கண்டதில்லை. நாங்கள் முட்டி மோதித் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு கார் மட்டும் ஓரமாக, நிதானமாகப் போனது. பந்தயம் தொடங்க விளக்கு அணைந்த நேரத்தில் கூரியர்காரருக்குக் கதவு திறக்கப் போயிருந்த என் மச்சான்.

கோப்பையை வாங்கிக்கொண்டு ஹெட்செட்டில் கேட்டான்: "ஏன் மாமா, ரோடு ஈரமாவா இருந்துது?"